"எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, நான் ஏன் போக வேண்டும்?"

கேள்வி: டாக்டர், எனக்கு 46 வயது. என் அப்பாவுக்கு 52 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அதற்கு முன்பு ஒரு வருஷமாக மலத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூலம் என்று நினைத்து களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். 54 வயதில் போய்விட்டார். அப்போது எனக்கு 24, தம்பிக்கு 17. நான் சிகரெட் பழகியதும் அந்த வருஷம்தான். அதை இன்னும் விட முடியவில்லை, ஒரு நாளைக்குப் பத்து வரும். மற்றபடி உடம்பை ஒழுங்காக வைத்திருக்கிறேன். தினமும் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன், எடை சரியாக இருக்கிறது, காய்கறி பழம் நிறையச் சாப்பிடுகிறேன். வார இறுதியில் நண்பர்களோடு கொஞ்சம் குடிப்பதுண்டு.

என் மனைவி (வயது 42) இரண்டு வருஷமாக என்னைக் கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலை உள்ளே பார்க்கும் சோதனை) செய்துகொள்ளச் சொல்கிறாள். எனக்கு வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லை. அப்புறம் எதற்கு? உண்மையைச் சொன்னால் கூச்சமாகவும் இருக்கிறது, போனால் எதையாவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. ரத்தத்திலேயே எல்லாப் புற்றுநோயையும் பார்த்துவிடும் ட்யூமர் மார்க்கர் பேக்கேஜ் என்று விளம்பரம் பார்த்தேன். நானும் மனைவியும் அதை எடுத்துக்கொண்டால் போதாதா? அப்பாவைத் தவிர எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் இது வந்ததில்லை. அத்தைக்கு 48 வயதில் கர்ப்பப்பையில் வந்தது, ஆனால் அது பெண்களுக்கு வருவதுதானே. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். எங்களுக்கு 12 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்காகவும் கேட்கிறேன்.

பதில்: முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. கொலனோஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள், அதுவும் இந்த மாதமே. நீங்கள் பார்த்த பேக்கேஜ் அதற்கு ஈடாகாது. உங்களைப் போல உடம்பை அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறவர்கள்தான் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"எந்தத் தொந்தரவும் இல்லை" என்கிறீர்கள். தொந்தரவு இல்லாதவர்களுக்காகத்தான் ஸ்கிரீனிங் என்ற ஏற்பாடே இருக்கிறது. தொந்தரவு வந்த பிறகு செய்கிற சோதனை வேறு கணக்கு. அதற்கு வயதும் கிடையாது, முறை வரட்டும் என்ற காத்திருப்பும் கிடையாது. அப்பாவுக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டாவது வகை. ரத்தம் தெரிந்ததும் ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தால் ஸ்கோப்பிக்கு அனுப்பியிருப்பார். மூலத்திலும் ரத்தம் வரும், புற்றுநோயிலும் வரும். இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே சமயத்தில் இருக்கவும் செய்யும். நிறத்தை வைத்தோ, வலி இல்லை என்பதை வைத்தோ வீட்டில் உட்கார்ந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டர்களாலும் முடியாது, உள்ளே பார்த்தால்தான் தெரியும். அந்த ஒரு வருஷம் உங்கள் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அப்பாவைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. உங்களுக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது, இரண்டு வருஷமாகச் சொல்லியும் வருகிறார்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். "எதையாவது கண்டுபிடித்துவிடுவார்களோ" என்று பயப்படுகிறவர்கள் மனதில் இருக்கும் படம் ஒன்றுதான். உள்ளே புற்றுநோய் இருக்கும் அல்லது இருக்காது, போனால் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். பெருங்குடலைப் பொறுத்தவரை இந்தப் படம் தவறு. நடுவில் ஒரு நீண்ட கட்டம் இருக்கிறது. பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்கள் பாலிப் என்ற சின்ன வளர்ச்சியாகத்தான் தொடங்குகின்றன. உட்சுவரில் மரு மாதிரி முளைக்கும். வலிக்காது. பல சமயம் ரத்தமும் வராது. அது புற்றுநோயாக மாற பொதுவாகப் பத்து வருஷம் போல ஆகும். நிறைய பாலிப்கள் கடைசிவரை மாறுவதே இல்லை. ஆனால் எது மாறும், எது மாறாது என்று பார்த்த மாத்திரத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால் கண்ணில் படுவதை எடுத்துவிடுகிறோம்.

எப்படி எடுக்கிறோம் என்பதை ஒரு தடவை மனதில் பார்த்துவிட்டால் பயம் பாதி குறையும். திரையில் குடலின் உட்சுவர் ஈரமாக, இளஞ்சிவப்பாக, பளபளவென்று தெரியும். மெல்லிய ரத்தக் குழாய்கள் இலையின் நரம்பு போலக் கிளை பிரிந்து ஓடும். கருவியை முதலில் கடைசிவரை கொண்டுபோய்விட்டு, திரும்பி வரும்போதுதான் நிதானமாக, ஒவ்வொரு மடிப்பின் பின்னாலும் எட்டிப் பார்த்துக்கொண்டே வருவோம். ஓர் இடத்தில் அந்த நரம்புக் கோலம் சட்டென்று மறைந்து, சுவர் லேசாகப் புடைத்திருக்கும். சிலது தட்டையாக இருக்கும், சிலது காளான் மாதிரி காம்போடு நிற்கும். கருவிக்குள் இருக்கும் வழியாக ஒரு மெல்லிய கம்பிச் சுருக்கை விட்டு, அந்தக் காம்பில் மாட்டி, மெதுவாக இறுக்குவோம். அறுந்துவிடும். பெரிதாக இருந்தால் கம்பியில் மின்சாரம் செலுத்தி, ரத்தம் கசியாமல் அறுப்போம். நோயாளி மயக்கத்தில் இருப்பார், எதுவும் தெரியாது. அறுத்ததை உறிஞ்சி எடுத்து பயாப்ஸிக்கு, அதாவது திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனைக்கு, அனுப்புவோம். சின்ன பாலிப்பாக இருந்தால் இவ்வளவும் ஓரிரு நிமிஷ வேலை. 1969இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் உல்ஃபும் இந்த முறையைச் செய்துகாட்டும் வரை, குடலின் உட்பகுதியில் இருக்கும் ஒரு பாலிப்பை எடுக்க வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது.

இதனால் உயிர் பிழைக்கிறதா என்றும் நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். புற்றுநோயாக மாறக்கூடிய வகைப் பாலிப்களை எடுத்துவிட்டவர்களை அமெரிக்காவில் ஆண்டுக்கணக்கில் கவனித்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோயால் நேர்ந்த இறப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. ஆகவே உங்கள் வயதில், தொந்தரவு எதுவும் இல்லாமல் போகிற ஒருவரிடம் நாங்கள் எதையாவது கண்டுபிடித்தால், அது பெரும்பாலும் அன்றைக்கே எடுத்துவிடக்கூடியதாகத்தான் இருக்கும்.

கூச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைச் சின்ன விஷயம் என்று நான் ஒதுக்க மாட்டேன். எத்தனையோ பேரை வரவிடாமல் தடுப்பது அதுதான். உங்களைப் போர்த்தி, இடது பக்கமாகப் படுக்க வைத்து, மயக்க மருந்து கொடுப்பார்கள். டாக்டரும் நர்சும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். உண்மையில் கஷ்டமான பகுதி அதற்கு முந்தைய நாள். தெளிந்த திரவ உணவு மட்டும் எடுத்துக்கொண்டு, வயிற்றைச் சுத்தம் செய்யும் பேதி மருந்தைக் குடிக்க வேண்டும். பாதி முந்தைய மாலை, மீதி அன்று காலை என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். இரண்டாவது பங்கைப் பலர் "போதும், எல்லாம் போய்விட்டது" என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். சுத்தம் சரியில்லை என்றால் தட்டையான பாலிப் கண்ணுக்குத் தப்பிவிடும், இன்னொரு நாள் மறுபடி வர வேண்டியிருக்கும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ சர்க்கரைக்கான மாத்திரையோ சாப்பிடுகிறவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. குடலில் ஓட்டை விழுவதும் பெரிய ரத்தக் கசிவும் அபூர்வமாக நேரலாம். ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு.

உங்களுக்கு எந்த வயதில் தொடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. குடும்பத்தில் யாருக்கும் வராதவர்களுக்கு, நாட்டுக்கு நாடு மாறினாலும், 45 அல்லது 50 வயதில் ஸ்கிரீனிங் தொடங்குகிறது. அவர்களுக்கு வருஷா வருஷம் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனையும் நல்ல வழிதான், வீட்டிலேயே மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் இவர்களில் ஒருவருக்கு 60 வயதுக்குள் வந்திருந்தால், 40 வயதிலோ அல்லது அவருக்குத் தெரியவந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்போ, எது முதலில் வருகிறதோ அப்போது நேராகக் கொலனோஸ்கோப்பி. அப்பாவுக்கு 52, பத்தைக் கழித்தால் 42. அதைவிட 40 முன்னால் வருகிறது. ஆக நீங்கள் ஆறு வருஷம் தாமதம். பரவாயில்லை, இப்போது போங்கள். ஒன்றும் இல்லை என்று வந்தால் ஐந்து வருஷம் கழித்து அடுத்தது. உங்கள் தம்பிக்கு இப்போது 39. அடுத்த பிறந்த நாளோடு அவருடைய முறையும் வந்துவிடுகிறது. அவரிடம் இதைச் சொல்லிவிட்டீர்களா?

இனி உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி. "அத்தைக்கு 48 வயதில் கர்ப்பப்பையில் வந்தது, ஆனால் அது பெண்களுக்கு வருவதுதானே." நாம் பேச்சில் கர்ப்பப்பைப் புற்றுநோய் என்று ஒரே பெயரில் இரண்டு வேறு நோய்களைச் சொல்கிறோம். ஒன்று கர்ப்பப்பை வாயில் வருவது. அது எச்பிவி என்ற வைரஸால் வருகிறது, உங்கள் அப்பாவின் நோயோடு அதற்கு உறவு இல்லை. இன்னொன்று கர்ப்பப்பையின் உட்சுவரில் வருவது. அத்தைக்கு வந்தது இந்த இரண்டாவது வகை என்றால், அதுவும் 48 வயதில் என்றால், அண்ணனுக்குப் பெருங்குடலிலும் தங்கைக்குக் கர்ப்பப்பையிலுமாக ஒரே காரணம் ஓடியிருக்கக் கூடும். லிஞ்ச் சிண்ட்ரோம் என்று ஒரு பரம்பரைக் கோளாறு இருக்கிறது. உடலின் செல்கள் பிரியும்போது மரபணுவில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்துவதற்கென்று சில மரபணுக்கள் உண்டு. அவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்தால் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். பெருங்குடல், கர்ப்பப்பை உட்சுவர், சினைப்பை, வயிறு என்று பல இடங்களில், அதுவும் இளம் வயதிலேயே புற்றுநோய் வரக்கூடும். பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு, எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும். 1895இல் அமெரிக்காவின் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோய்க்குறியியல் நிபுணரிடம், அவருக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பெண் ஒருத்தி தானும் இளம் வயதிலேயே புற்றுநோயில்தான் சாகப் போகிறேன் என்று சொன்னார். தன் குடும்பத்தில் நிறையப் பேர் குடல், வயிறு, கர்ப்பப்பை நோயில்தான் போனார்கள் என்றார். வார்த்தின் அதைப் புலம்பல் என்று ஒதுக்காமல் அந்தக் குடும்பத்தின் வரலாற்றை ஆள் ஆளாக எழுதி எடுத்து 1913இல் வெளியிட்டார். அந்தப் பெண் சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்துபோனார். காரணமான மரபணுக்கள் 1990களில்தான் பிடிபட்டன. எந்தக் கருவியும் இல்லாத காலத்தில் ஒரு பெண் தன் சொந்தக்காரர்களை எண்ணிப் பார்த்தே அதைக் கண்டுபிடித்திருந்தார்.

உங்கள் குடும்பத்தில் இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. விசாரித்துப் பார்க்கப் போதுமான காரணம் இருக்கிறது என்கிறேன். அத்தை நன்றாக இருக்கிறார் என்பது இரண்டு விதத்தில் நல்ல செய்தி. மரபணுச் சோதனையை நோய் வந்த ஒருவரிடமிருந்து தொடங்குவதுதான் சிறந்தது. அவருக்குப் பழுது இன்ன இடத்தில் என்று தெரிந்துவிட்டால், உங்களுக்கும் தம்பிக்கும் அந்த ஒரே இடத்தைப் பார்த்து இருக்கிறது, இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடலாம். அத்தையின் பழைய ஆபரேஷன் ரிப்போர்ட்டைத் தேடச் சொல்லுங்கள். பயாப்ஸி தாளில் கர்ப்பப்பை வாய் என்று இருக்கிறதா, உட்சுவர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆபரேஷனில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து மருத்துவமனைகள் பல வருஷம் வைத்திருப்பதுண்டு. கிடைத்தால் அதிலேயே முதல் சோதனையைச் செய்துவிடலாம். அப்பாவுடையது கிடைத்தாலும் சரிதான். உட்சுவர் என்று வந்தால் மரபணு ஆலோசனை தரும் டாக்டரிடம் இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். லிஞ்ச் என்று உறுதியானால் எல்லாக் கணக்கும் மாறும். கொலனோஸ்கோப்பி ஓரிரு வருஷத்துக்கு ஒரு தடவை ஆகும், பிள்ளைகளுக்கு இருபதுகளிலேயே தொடங்க வேண்டியிருக்கும். அத்தையின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்பதை மறக்காதீர்கள்.

சரி, அந்த பேக்கேஜ். ட்யூமர் மார்க்கர் என்பவை சில புற்றுநோய்களில் ரத்தத்தில் கூடும் பொருட்கள். பெரும்பாலும் நோய் இருப்பது உறுதியான பிறகு, சிகிச்சை வேலை செய்கிறதா, திரும்ப வருகிறதா என்று கண்காணிக்க உதவுபவை. பெருங்குடலுக்குப் பார்க்கும் சி.இ.ஏ.வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பக் கட்டத்தில் நோய் இருந்தும் அது சாதாரணமாகவே இருப்பதுண்டு. பாலிப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இன்னொரு பக்கம், புகைப்பவர்களுக்கு நோய் இல்லாமலேயே ஏறி இருக்கக் கூடும். அதாவது உங்களுக்கு அது கூடி வந்தால் சிகரெட்டாலா என்று தெரியாமல் தவிப்பீர்கள், சரியாக வந்தால் இல்லாத நிம்மதியோடு ஸ்கோப்பியை இன்னும் ஐந்து வருஷம் தள்ளிப்போடுவீர்கள். இரண்டாவதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். உங்கள் மனைவிக்குச் சினைப்பைப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் சி.ஏ. 125ம் அப்படித்தான். மாதவிடாய் நாட்களில்கூட அது கூடலாம்.

அதிகமாகத் தேடுவதிலும் ஆபத்து உண்டு என்பதற்குத் தென் கொரியா நல்ல உதாரணம். அங்கே மற்றப் புற்றுநோய் ஸ்கிரீனிங்குக்கு வருகிறவர்களுக்குக் கழுத்தில் தைராய்டு ஸ்கேனையும் சேர்த்துச் செய்வது பரவியது. 1993ஐவிட 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது 15 மடங்கானது. அந்த நோயால் இறந்தவர்கள் எண்ணிக்கை மாறவே இல்லை. கடைசிவரை ஒன்றும் செய்திருக்காத சின்னக் கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் தைராய்டை இழந்து, வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களானார்கள். சிலருக்குக் குரல் நரம்பு பாதிக்கப்பட்டது. ஆரோக்கியமான ஒருவரை நோயாளி ஆக்கும் முன், இந்தச் சோதனையால் சாவு குறைகிறது என்று நிரூபணம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அப்படி நிரூபணம் இருக்கிற சோதனைகள் கொஞ்சம்தான். அவற்றை விடாமல் செய்துகொண்டால் போதும்.

உங்கள் ஓட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. அது வீண் போகவில்லை. உடல் உழைப்பு பெருங்குடல் புற்றுநோயைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று மிகவும் வலுவாக இருக்கிறது. எடையைக் கட்டுக்குள் வைத்திருப்பதும் அப்படியே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல், உடல் பருமன் இல்லாமல் இருந்தால் அபாயம் குறையும் என்று 13 வகைப் புற்றுநோய்களைப் பட்டியலிட்டது. உணவில் நார்ச்சத்தும் முழுத் தானியமும் நல்லது. பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்று அதே அமைப்பு 2015இல் சொன்னது. மற்றபடி இன்ன பழம், இன்ன பொடி புற்றுநோயைத் தடுக்கும் என்று வருகிறவற்றுக்குக் காது கொடுக்காதீர்கள். ஆனால் அபாயம் குறைவது வேறு, இல்லாமல் போவது வேறு. அப்பாவிடமிருந்து வந்தது எதுவாக இருந்தாலும் அதை ஓடிக் கரைத்துவிட முடியாது. ஓடுங்கள், ஸ்கோப்பிக்கும் போங்கள்.

சிகரெட் விஷயத்தில் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்கள் நல்ல பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தாலும் இந்த ஒன்றை விடுவதற்குச் சமமாகாது. நுரையீரல் மட்டும் இல்லை. வாய், தொண்டை, உணவுக்குழாய், கணையம், சிறுநீரகம், சிறுநீர்ப்பை என்று புகை தொடாத இடம் குறைவு. பெருங்குடலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பிரிட்டனில் ரிச்சர்ட் டால் குழுவினர் 1951இல் தொடங்கி ஐம்பது வருஷம் டாக்டர்களையே பின்தொடர்ந்தார்கள். 40 வயதில் விட்டவர்களுக்கு ஆயுளில் சுமார் 9 வருஷமும், 50 வயதில் விட்டவர்களுக்கு சுமார் 6 வருஷமும் திரும்பக் கிடைத்தது. உங்களுக்கு 46. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள்.

"சி.டி. ஸ்கேன் எடுத்து நுரையீரலைப் பார்த்துக்கொள்ளலாமா" என்று அடுத்துக் கேட்பீர்கள். குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் நுரையீரல் புற்றுநோய் இறப்பைக் குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் அதிகமாகப் புகைத்தவர்களுக்கு மட்டும். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், அதாவது 20 சிகரெட், ஒரு வருஷம் புகைத்தால் ஒரு கணக்கு. அமெரிக்க வழிகாட்டுதலில் 50 வயதும் அப்படி 20 கணக்கும் சேர வேண்டும். நீங்கள் பத்து வீதம் 22 வருஷம், ஆக 11. இந்த ஸ்கேன் இப்போது உங்களுக்கானது இல்லை. அந்தக் கணக்கு மேலே ஏறாமல் பார்த்துக்கொள்வதே உங்களுக்கான சிகிச்சை. மனவுறுதியை மட்டும் நம்பி விட முயல்கிறவர்களில் பலர் தோற்கிறார்கள். நிகோடின் பட்டை, சூயிங்கம், வேரனிக்ளின் மாத்திரை எல்லாம் இருக்கின்றன. டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா போன வருஷம் பழகியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துக்கத்தைப் பற்றி ஆலோசகர் ஒருவரிடம் பேசுவதும் உதவும் என்று நினைக்கிறேன். இரண்டு மூன்று தடவை விட்டு மறுபடி தொடங்கினாலும் தோல்வி என்று நினைக்காதீர்கள், விட்டவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் விட்டார்கள். வார இறுதிக் குடியும் பெருங்குடல் அபாயத்தைக் கூட்டும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குறைத்தால் குறைத்த அளவுக்கு லாபம். கையில் கிளாஸ் இருக்கும்போது சிகரெட்டையும் தேடும் என்பது உங்களுக்கே தெரியும்.

உங்கள் மனைவிக்கு இரண்டு சோதனைகள். உங்களை இரண்டு வருஷமாகக் கூப்பிடுகிறவர் தன்னுடையதைச் செய்துகொண்டாரா என்று கடிதத்தில் இல்லை. இப்படிப்பட்ட வீடுகளில் பெரும்பாலும் செய்திருக்க மாட்டார்கள், அதனால் கேட்கிறேன். முதலாவது கர்ப்பப்பை வாய்க்கான எச்பிவி சோதனை. 30 வயதுக்கு மேல் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை போதும். கர்ப்பப்பை வாயில் ஒரு சின்ன பிரஷ்ஷால் தடவி எடுப்பார்கள், சில இடங்களில் தாங்களே மாதிரி எடுத்துக்கொடுக்கும் வசதியும் வந்துவிட்டது. வைரஸ் இருந்தாலும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது தானாகப் போய்விடும். போகாமல் செல்களை மாற்றத் தொடங்கினால் அந்தக் கட்டத்திலேயே எளிதாகச் சிகிச்சை செய்துவிடலாம். இதுவும் பாலிப் கதைதான். இரண்டாவது மேமோகிராம், அதாவது மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது. எந்த வயதில் தொடங்குவது என்பதில் நாடுகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, சில இடங்களில் 40, சில இடங்களில் 50. அவருடைய அம்மா, சகோதரிகளுக்கு மார்பிலோ சினைப்பையிலோ வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு டாக்டரோடு முடிவு செய்யட்டும். மாதவிடாய் முடிந்த வாரத்தில் போனால் மார்பை அழுத்தும்போது வலி குறைவாக இருக்கும். இன்னொரு படம் எடுக்க மறுபடி கூப்பிட்டால் கலங்க வேண்டாம், அப்படி அழைக்கப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் இருப்பதில்லை. ஆனால் கட்டி, தோல் உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் இவற்றில் எதையாவது பார்த்தால் அடுத்த மேமோகிராம் வரை காத்திருக்கக் கூடாது. அப்பாவின் கதை அதுதான்.

மகளுக்கு 12 வயது. எச்பிவி தடுப்பூசிக்கு 9 முதல் 14 வரைதான் சரியான பருவம், வைரஸ் உடலுக்குள் வருவதற்கு முன்பு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இந்த வைரஸ்தான் காரணம் என்று காட்டிய ஹரால்ட் ட்சூர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இங்கிலாந்தில் 12, 13 வயதில் தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களிடம் அந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருந்ததை 2021இல் வெளியிட்டார்கள். என் தொழிலில் இவ்வளவு பெரிய எண்ணைப் பார்ப்பது அரிது. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். வளர்ந்த பிறகு அவளும் ஸ்கிரீனிங் செய்துகொள்ளத்தான் வேண்டும். வீட்டில் எல்லோரும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள், கல்லீரல் புற்றுநோய்க்கு அது ஒரு பெரிய காரணம்.

ஆக இந்த வாரம் இரண்டு போன் செய்யுங்கள். முதலாவது அத்தைக்கு. கர்ப்பப்பையா, கர்ப்பப்பை வாயா என்று கேளுங்கள், ரிப்போர்ட்டைத் தேடச் சொல்லுங்கள். இரண்டாவது தம்பிக்கு. மயக்க மருந்து கொடுப்பதால் ஸ்கோப்பி முடிந்து அன்று முழுக்க நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது, வீட்டுக்குக் கூட்டிப்போக ஒருவர் கூட வந்தாக வேண்டும். அவர் வரட்டும். வெளியே உட்கார்ந்திருக்கும்போது இது எவ்வளவு நேர வேலை என்று அவரே பார்த்துக்கொள்வார். அவருடைய முறை வரும்போது நீங்கள் கூடப் போங்கள்.